1,500 ஆர்பிஎம்மில் என்ன கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் பெங்களூரு பதிப்பின் வாகனப் பக்கத்தில், ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரங்களும் இழுக்கும்) வண்டி வாங்குவோருக்கென்று வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணை பற்றியது இக்கடிதம். விலை, குதிரைத் திறன், உச்ச டார்க் (என்ஜினின் முறுக்குவிசை), மைலேஜ், தொடுதிரையின் அளவு என்று ஐந்து பத்திகள் இருந்தன. உச்ச டார்க் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) கிடைக்கிறது என்ற பத்தியைக் காணோம். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபோர்-லோ கியரின் விகிதமும் இல்லை. தார்ச்சாலையிலேயே ஓட்டப்போகிறவருக்கு இது பெரிய குறை இல்லை. ராமநகரம் பாறையிலும் சக்லேஷ்பூரின் ஆடி மாதச் சேற்றிலும் இறக்க நினைப்பவர் அந்த அட்டவணையை நம்பி முன்பணம் கட்டினால், முதல் மேட்டில் கிளட்ச் கருகும் வாசனை வரும்போதுதான் விட்டுப்போனது என்னவென்று தெரியும்.

பாறை மேல் வண்டி போகும் வேகம் மணிக்கு 3, 4 கிலோமீட்டர்தான். நாம் நடக்கிற வேகம்கூட இல்லை. அப்போது என்ஜின் 800 முதல் 1,500 ஆர்பிஎம் வரைதான் சுற்றும். குதிரைத் திறன் என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி வருவது. அதனால் அந்தக் கணக்கில் வேகமாகச் சுற்றும் என்ஜினே முன்னால் நிற்கும். மாருதி ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு உச்ச டார்க் 134 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 4,000 ஆர்பிஎம்மில். பாறையில் அந்த 4,000-ஐ யாரும் தொடப்போவதில்லை. அந்த என்ஜின் 1,500-ல் என்ன தரும் என்பதுதான் கேள்வி. அதை எந்த விளம்பரத் தாளும் அச்சிடுவதில்லை.

பழைய ஜீப்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மஹிந்திரா உரிமம் பெற்றுக் கட்டிய சிஜே-3பி வண்டியின் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் 2.2 லிட்டர், 72 குதிரை. இன்றைய சின்னக் கார்களே அதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆனால் ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர் டார்க்கை 2,000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். காரணம் அதன் அளவில் இருக்கிறது: போர் (சிலிண்டரின் விட்டம்) 79.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 111 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் இவ்வளவு நீண்டால் பிஸ்டன் வெகுதூரம் போய்வர வேண்டும். வேகமாகச் சுற்ற முடியாது. அப்படிப்பட்ட என்ஜினுக்கு வால்வுகளையும் கேம் ஷாஃப்ட்டையும் குறைந்த வேகத்தில் காற்று நன்றாக நிரம்பும்படி அமைப்பார்கள். மாருதியின் பழைய ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் உள்ள வேறுபாட்டிலும் இதே சங்கதிதான். இரண்டுக்கும் போர் 74 மில்லிமீட்டர். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் என்ஜினில் ஸ்ட்ரோக் 75.5, ஜிம்னியில் 85. ஒன்பதரை மில்லிமீட்டர் நீட்டியதோடு, 30 ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சியும் சேர்ந்து, 4,500 ஆர்பிஎம்மில் 103 என்றிருந்த டார்க் 4,000-ல் 134 ஆனது. முன்னேற்றம்தான், ஆனால் ஜீப் இருக்கும் இடத்துக்கு அது இறங்கி வரவில்லை.

என்ஜின் எவ்வளவு டார்க் தந்தாலும் அது அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. முதல் கியர், விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம், ஆக்ஸிலின் விகிதம் ஆகிய மூன்றாலும் பெருகிப் போகிறது. மேனுவல் ஜிம்னிக்கு 4.425, 2.002, 4.090. மூன்றையும் பெருக்கினால் 36.2. இதைத்தான் கிரால் ரேஷியோ என்கிறார்கள். சிஜே-3பி-க்கு இதே கணக்கு 37 வரும். 70 ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு வண்டிகள் இவ்வளவு நெருங்கி வருவது வேடிக்கைதான். ஒரு மனிதன் பாறையைப் பார்த்துப் பார்த்துச் சக்கரம் வைக்கிற வேகம் அன்றும் இன்றும் ஒன்றே. 1,000 ஆர்பிஎம்மில் ஜிம்னி மணிக்கு 3.6 கிலோமீட்டர் போகும்.

இப்போது ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்போம். 1,500 ஆர்பிஎம்மில் என்ஜின் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 36.2-ஆல் பெருக்கினால் 3,620. டயரின் ஆரம் 0.3465 மீட்டரால் வகுத்து, கியர்பாக்ஸ், ஆக்ஸில் உராய்வுக்கு 15 சதவீதம் கழித்து, கிலோ கணக்குக்கு மாற்றினால் 905 கிலோ தள்ளுவிசை. ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி 1,400 கிலோ. 30 டிகிரி மேட்டில் கீழே இழுப்பது அதில் பாதி, 700 கிலோ. இளகிய மண் என்றால் உருளும் தடை இன்னொரு 120 கிலோ. மொத்தம் 820. கையில் 905 இருக்கிறது, ஏறிவிடும். இதே மேட்டை லோ விகிதம் சேராத ஃபோர்-ஹையில் முயன்றால் கையில் இருப்பது 452, அசையாது. லோ ரேஞ்ச் இல்லாத எஸ்யூவிக்காரர்கள் கிளட்சைப் பாதி மிதித்துப் பிடித்துக்கொண்டே ஏறப் பார்ப்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான். அடைபடாது. கிளட்ச் தட்டு பளபளவென்று கண்ணாடி போலாகும், ஃப்ளைவீல் நீலம் பூக்கும்.

மேலே போட்ட கணக்கு கடல் மட்டத்துக்கு உரியது. பெங்களூரு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி 8 சதவீதத்துக்கு மேல் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜினில் அதே அளவு டார்க்கும் குறையும். 905 என்பது 830 ஆகிறது. தேவையோ 820. இந்த நிலையில் யாராவது "பார்க்க கெத்தா இருக்கும்ணா" என்று சொல்லி 195/80 ஆர்15 டயரைக் கழற்றி 235/75 ஆர்15 மாட்டிவிட்டால், விட்டம் 693-லிருந்து 733 மில்லிமீட்டராகும். தள்ளுவிசை 784-க்கு இறங்கும். மேட்டின் பாதியில் என்ஜின் அணையும். டயரை மாற்றிய அன்றே இது தெரிய வராது, பெட்ரோல் டேங்க் நிறைந்து நாலு பேர் ஏறிய அன்று தெரியும். லே நகரம் 3,500 மீட்டர்; அங்கே இழப்பு 30 சதவீதத்தை எட்டும்.

ஜிம்னியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஏறக்குறைய 1,200 கிலோ இருக்கும் வண்டி, சேற்றில் புதையாமல் மிதக்கிறது, குறுகலான பாதையில் நுழைகிறது. அதை ஏற்ற 2,000, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, கொஞ்சம் வேகம் வைத்து ஓட்ட வேண்டும். பாறையில் வேகம் வைத்தால் அடிபாகம் அடிபடும். ஆகவே வாங்குகிறவர் தாம் போகப்போவது பாறையா, சேறா, மணலா என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் வேகமாகச் சுற்றி மண்ணை உதற வேண்டும். அங்கே கேட்பது குதிரைத் திறனைத்தான். லோ-எண்ட் டார்க் என்று ஓயாமல் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

டர்போவுக்கு வருவோம். மஹிந்திரா தார் மேனுவலில் இரண்டு லிட்டர் பெட்ரோல் 300 நியூட்டன் மீட்டரை 1,250-லிருந்து 3,000 வரை தருகிறது. 2.2 டீசலும் அதே 300-தான், ஆனால் 1,600-லிருந்து 2,800 வரை. அச்சிட்ட எண்களின்படி பெட்ரோல்தான் முந்துகிறது. டீசல் என்றாலே கீழிழுவை (குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்கும் பலம்) என்ற பழைய நம்பிக்கை இங்கே பொய்க்கிறது. அதற்குக் கீழே, 1,000 ஆர்பிஎம்மில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. டர்போ விழிக்காதவரை அந்தப் பெட்ரோல் வெறும் 2 லிட்டர் என்ஜின், அதுவும் கம்ப்ரெஷன் குறைத்துக் கட்டிய என்ஜின். டீசலில் காற்றை மறிக்கும் த்ராட்டில் வேலை இல்லை. ஐடிலிங்கிலும் சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது. சக்கரம் கல்லில் முட்டி ஆர்பிஎம் விழுந்ததும் ஈசிஎம் என்ற என்ஜின் கணினி கொஞ்சம் டீசலைக் கூட்டினால் அடுத்த வெடிப்பிலேயே டார்க் ஏறும். பெட்ரோலில் த்ராட்டில் திறந்து, மேனிஃபோல்ட் என்ற காற்றுக் குழாய் நிரம்பி, பிறகுதான். அந்த அரை நொடியில் வண்டி அணைந்துபோவதும் உண்டு. பாறைக்கு டீசல், மணலுக்கும் நெடுஞ்சாலைக்கும் பெட்ரோல் என்பது என் கட்சி.

ஃபோர்ஸ் கூர்க்காவின் 2.6 டீசல் இதற்கு நல்ல சாட்சி. முன்பு 90 குதிரை, 250 நியூட்டன் மீட்டர். அது 1,400-லிருந்து 2,400 வரை. அட்டவணையில் கடைசி இடம்தான் கிடைத்திருக்கும். 2024-ல் 140 குதிரை, 320 நியூட்டன் மீட்டர் ஆனது. தொடங்கும் இடம் மட்டும் அதே 1,400. கட்டியவர்கள் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று பாருங்கள். அந்த வண்டியில் முன்னும் பின்னும் கையால் போடும் டிஃப் லாக் (ஒரே ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்றவைக்கும் பூட்டு) இருக்கிறது. இதற்கும் டார்க்குக்கும் தொடர்பு உண்டு. டிஃப் லாக் இல்லாத வண்டிகளில் அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி மறுபக்கத்துக்கு விசையைத் தள்ளுகிறார்கள். பிரேக் விழுங்கும் டார்க்கையும் என்ஜின்தான் தர வேண்டும். ஒரு பக்கம் 500 போக வேண்டுமானால் மறுபக்கம் பிரேக்கோடு 500 சண்டை போட வேண்டும். கீழிழுவை குறைந்த என்ஜினில் பிரேக் லாக் வேலை செய்யத் தொடங்கும்போதே என்ஜின் திணறுவது இதனால்தான். அங்கே காலை எடுக்காமல், ஆக்ஸிலரேட்டரை 2,000-க்கு மேல் ஒரே சீராகப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் பற்றியும் தவறான எண்ணம் உலவுகிறது. ஆட்டோமேட்டிக் ஜிம்னியின் விகிதம் 2.875, 2.002, 4.300, பெருக்கினால் 24.7 மட்டுமே. ஆனால் கிளட்சுக்குப் பதிலாக அதில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், வண்டி நிற்கும் நிலையில் டார்க்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும்; என்ஜினும் தன் போக்கில் 2,000-க்குப் போய் அதிக டார்க் உள்ள இடத்தில் நின்றுகொள்ளும். ஏற்றத்தில் கீழிழுவை இல்லாத என்ஜினுக்கு ஆட்டோமேட்டிக் பெரிய துணை. இறக்கத்தில் அந்தப் பெருக்கம் கிடையாது, வெறும் 24.7-தான் பிடிக்கும், மேனுவல் 36.2-ல் நிதானமாக இறங்கும் இடத்தில் ஆட்டோமேட்டிக் ஓடும், பிரேக் போட வேண்டியிருக்கும். ஏற்றத்தில் விடாமல் முக்கினால் கியர் ஆயில் கொதிக்கும். ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். எரிந்த வாடை, கரும்பழுப்பு நிறம் கண்டால் மாற்றிவிட வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டிப் ஸ்டிக் உள்ள மாடல் என்றால் முதலில் அதை உருவி முகர்ந்து பாருங்கள்.

ஷோரூம்காரர் பாறையில் ஏற்ற விடமாட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் ரேம்ப் போதும். பெங்களூரில் அதற்கா பஞ்சம்? என்ஜின் நன்றாகச் சூடேறிய பின், ஏசியை முழுதாகப் போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரேம்ப்பின் அடியில் நேராக நிறுத்துங்கள். ஃபோர்-லோ, முதல் கியர். கிளட்சை முழுக்க விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலையும் எடுத்துவிடுங்கள். வண்டி தானே ஏற வேண்டும். ஊசி 100 ஆர்பிஎம் இறங்கி மீண்டும் எழுந்தால் நல்ல என்ஜின். உடம்பு குலுங்கி 550-க்கு விழுந்தால் யோசியுங்கள். அடுத்தது, சமதளத்தில் ஆறு அங்குல மரக்கட்டையை முன்சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்து, அதே போல் கால் வைக்காமல் ஏற விடுங்கள். சிமென்ட் தரையில் ஃபோர்-லோ போட்டபடி ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் கழல மறுக்கும். மாட்டிக்கொண்டால் நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் விட்டுவிடும். பிறகு ரேம்ப்பில் இறங்கிப் பாருங்கள்: கால் வைக்காமலே மணிக்கு 5, 6 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

டர்போ வண்டியென்றால் என்ஜின் கணினியின் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி மேனிஃபோல்ட் பிரஷரைப் பார்க்கலாம். என்ஜின் அணைந்திருக்கும்போது பெங்களூரில் 90, 91 கிலோபாஸ்கல் காட்டும்; 101 காட்டினால் சென்சாரைச் சந்தேகியுங்கள். பிறகு சாலையில் மூன்றாம் கியரில் 1,200-ல் பிடித்து முழுதாக மிதித்து, அந்த எண் எந்த ஆர்பிஎம்மில் 150-ஐத் தாண்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். உங்கள் டர்போ விழிக்கும் இடம் அதுதான்.

பழைய டீசலில் 2,200 வரை செத்துக் கிடந்து பிறகு திடீரென்று பாய்ந்தால், விலை பேசும் முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் புகைக்காற்றே உள்ளே சுற்றிச் சுற்றி வரும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கீறல் என்றால் மிதிக்கும்போது விசில் சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வரும், பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் மட்டமான ஹோஸ் கிளாம்ப்பின் அருகிலேயே பிளந்துகொள்ளும். மூன்றாவது, விஜிடி டர்போவில் (புகை போகும் வழியை இதழ்களால் கூட்டிக் குறைக்கும் வகை) அந்த இதழ்கள் கரி பிடித்து இறுகியிருப்பது. பெட்ரோலில் இதே குறை வந்தால் அழுக்கேறிய த்ராட்டில் பாடி, பிளக், வால்வு இடைவெளி, நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் பாருங்கள். கம்ப்ரெஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் ஐடிலிங் நடுக்கமே காட்டிக்கொடுக்கும்.

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வாங்குகிறவர் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பற்றித் தெரிந்தே வாங்க வேண்டும். அது சேர்த்த கரியை எரிக்க ஏறக்குறைய 550, 600 டிகிரி சூடு வேண்டும். வாரம் முழுக்க சில்க் போர்டு நெரிசல், ஞாயிற்றுக்கிழமை பாறையில் நடை வேகம் என்றால் அந்தச் சூடு வரவே வராது. ஃபில்டர் அடைபட அடைபட எக்ஸாஸ்டில் எதிரழுத்தம் கூடும். முதலில் பறிபோவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கீழிழுவைதான். டாஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் ஓசூர் பக்கமோ துமகூரு பக்கமோ நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். எரிக்கும் வேலை நடக்கும்போது என்ஜினை அணைக்காதீர்கள்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் இரண்டும் டர்போ இல்லாத என்ஜினில் டார்க்கை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளும். கீழே இருந்ததும் போகும். செம்மண் தூசு வேறு உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும். ட்யூனிங் பாக்ஸ் என்று விற்கும் மின்னணுப் பெட்டி டீசலைத்தான் கூட்டித் தரும். டர்போ விழிக்காத 1,200 ஆர்பிஎம்மில் அதை எரிக்கக் காற்று ஏது? புகைதான் வரும்.

ஜிப்ஸிக்கு டீசல் என்ஜின் ஏற்றித் தருகிறோம் என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 103 நியூட்டன் மீட்டருக்குக் கட்டிய கியர்பாக்ஸும் ஆக்ஸில் ஷாஃப்ட்டும் இரண்டு மடங்கைத் தாங்காது. லோ முதல் கியரில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கிய நொடியில் ஷாஃப்ட் முறியும். முன்பக்க எடை கூடுவதால் ஸ்ப்ரிங்கும் உட்காரும். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே வகை என்ஜினையே மாற்றுவதென்றாலும் ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

அந்த அட்டவணையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் உச்ச டார்க் தொடங்கும் ஆர்பிஎம், முதல் கியர், லோ, ஆக்ஸில் விகிதங்கள், டயர் அளவு, வண்டியின் எடை ஆகியவற்றைச் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் சர்வீஸ் மேனுவலில் இருப்பவைதான். இடம் போதவில்லையென்றால் தொடுதிரைப் பத்தியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு